எங்கள் குலதெய்வத்துக்கு ஆகாத கத்திரிக்காய்

முப்பத்தெட்டு வயதுவரை எனக்குக் கத்திரிக்காய் பிடிக்காது. அந்த முப்பத்தெட்டு வருடத்தில் ஒருமுறைகூட நான் கத்திரிக்காயைச் சாப்பிட்டதும் கிடையாது. இந்த இரண்டு விஷயங்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இத்தனைக்கும் நான் காய்கறி விதை விற்கிறவன். பெரம்பலூரில் வீடு. காலையில் பைக்கை எடுத்தால் அரியலூர், ஜெயங்கொண்டம் என்று ஒவ்வொரு கடையாக ஏறி இறங்குவேன். "இந்தக் கத்திரி ரகம் குழம்புல போட்டா வெண்ணெய் மாதிரி கரையும் சார்" என்று கடைக்காரர்களிடம் சொல்லுவேன். கண்ணை லேசாக மூடிக்கொண்டு சொல்லுவேன். நம்பி வாங்குவார்கள்.

இந்தப் பிடிக்காமை எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. அப்பா பூலாம்பாடிப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நானும் அந்தப் பள்ளியில்தான் படித்தேன். மூன்றாம் வகுப்புச் சுவரில் ஒரு காய்கறிப் படம் தொங்கும். அப்பா பிரம்பால் ஒவ்வொரு காயாகத் தொட்டு, அது எதற்கு நல்லது என்று சொல்லுவார். நாங்கள் கத்துவோம். கத்திரிக்காய்க்கும் ஏதோ ஒரு சத்து சொன்னார். சத்துணவுச் சாம்பாரில் கிடக்கும் கத்திரிக்காயை எவனாவது தட்டோரத்தில் ஒதுக்கினால் அவனுக்கு முட்டியில் ஒரு அடி. "காய ஒதுக்குறவன் படிப்பையும் ஒதுக்குவான்" என்பார். நான் மட்டும் வீட்டிலிருந்து டிபன் பாக்ஸில் சோறு கொண்டு போவேன். தலைமை ஆசிரியர் மகனின் டிபன் பாக்ஸில் கத்திரிக்காய் இருக்காது. தலைமை ஆசிரியரின் டிபன் பாக்ஸிலும் இருக்காது. இதை ஒருவரும் கேட்டதில்லை. பிரம்பு அவர் கையில் இருந்தது.

எங்கள் வீட்டுக்குள் கத்திரிக்காய் வந்ததே இல்லை. அம்மா சந்தைக்குப் போனால் கத்திரிக்காய்க் குவியலைப் பார்க்காமல் கடந்து போவாள், கடன் கொடுத்தவர் வீட்டைக் கடப்பதுபோல. அப்பாவுக்கு எவையெல்லாம் ஆகாது என்பது எங்களுக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். அம்மாவுக்கு எது ஆகும், எது ஆகாது என்று கேட்டிருந்தால் எனக்கு ஒரு வரிகூடத் தெரிந்திருக்காது. அம்மாவுக்கு நாக்கு இருக்கிறது என்பதே பேசும்போது மட்டும்தான் தெரியும். அதுவும் அவள் அதிகம் பேசமாட்டாள்.

கல்யாண வீடுகளில் அப்பாவின் பக்கத்து இலையில் உட்காருவேன். கத்திரிக்காய்க் கூட்டு வந்தால் அப்பாவின் மூக்கு இடப்பக்கமாக ஒரு சுளிப்புச் சுளிக்கும். மேலுதடு கொஞ்சம் ஏறும். ஆள்காட்டி விரலால் அதை இலையின் விளிம்புக்குத் தள்ளுவார். எனக்கு அது பிரமாதமாகத் தெரிந்தது. மற்ற பையன்கள் சினிமா நடிகர்கள் மாதிரி நடந்து பார்ப்பார்கள். நான் கண்ணாடி முன்னால் நின்று மூக்கை இடப்பக்கமாகச் சுளித்துப் பழகினேன். ஒரு வாரத்தில் வந்துவிட்டது.

எட்டு வயதில் ஒரு காரியம் செய்தேன். கோடை லீவுக்கு அம்மாவின் ஊருக்குப் போயிருந்தோம். வேப்பந்தட்டைப் பக்கம். மாமாவின் மனைவி, என் அத்தை, கருவாடு போட்டுக் கத்திரிக்காய்க் குழம்பு வைத்திருந்தாள். நான் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனேன். அம்மா மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சட்டியில் ஒட்டியிருந்ததையும் சோற்றைப் போட்டுப் பிசைந்து வழித்துச் சாப்பிட்டாள். வீட்டில் அவள் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. என்னைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. நான் தண்ணீரைக் குடித்துவிட்டு வெளியே வந்தேன்.

பத்து நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம். அப்பா பெட்டியை வாங்கி உள்ளே வைப்பதற்குள் சொல்லிவிட்டேன்: "அப்பா, அம்மா அங்க கத்திரிக்கா தின்னுச்சு."

அப்பா அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று நாள் அம்மாவோடு பேசவும் இல்லை. "உங்கம்மாகிட்ட தண்ணி கேளு" என்று என்னிடம் சொல்லுவார். அம்மா இரண்டடி தள்ளித்தான் நிற்பாள். நான் அந்த இரண்டடிக்கும் தூது போனேன். ஏதோ நல்ல காரியம் செய்த பெருமை எனக்கு. அடுத்த வருடம் அதே ஊரில் அத்தை கரண்டியோடு வந்தபோது, நான் பக்கத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டு அம்மா, "எனக்கு வேணாம் அண்ணி" என்றாள்.

இருபத்தொன்பது வயதில் எனக்குக் கல்யாணம் ஆனது. பெண் மீன்சுருட்டி. மாமனார் விவசாயி, அதிலும் கத்திரிக்காய் போடுகிற விவசாயி. சின்னச் சின்னதாய், ஊதா நிறத்தில், முள் காம்போடு விளையும் காய். சுற்றுவட்டாரத்தில் அவர் காய்க்கு ஒரு பேர் உண்டு. மறுவீட்டு விருந்துக்கு எண்ணெய்க் கத்திரிக்காய் செய்திருந்தார்கள். மாமனாரே வாளியைத் தூக்கிக்கொண்டு என் இலைக்கு வந்தார். நான் கையை இலைமேல் விரித்து மறைத்தேன்.

"எங்க வூட்டுல கத்திரிக்கா ஆகாதுங்க மாமா."

பிடிக்காது என்று சொல்லியிருக்க வேண்டும். புது மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் கௌரவமாக இருக்கட்டும் என்று ஆகாது என்று சொன்னேன். மாமனாரின் முகம் மாறியது. வாளியைச் சட்டென்று பின்னால் கொண்டு போனார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"குலதெய்வத்துக்கா மாப்ளே?"

என் வாய் நிறையச் சோறு. தலையை ஆட்டினேன். இல்லை என்று ஆட்டத்தான் நினைத்தேனா, ஆமாம் என்றா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அவருக்கு ஆமாம் என்று தெரிந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அந்தத் தலையாட்டல் ஒன்பது வருடம் ஓடியது. நான் மீன்சுருட்டிக்கு வருகிறேன் என்று போன் போனால் போதும், கத்திரிக்காய்க் கூடை மாட்டுக்கொட்டகைக்குப் போய்விடும். அடுப்படியை மாமியார் கழுவிவிடுவார். எனக்கென்று தனிச் சட்டி, தனிக் கரண்டி. மாமனார் ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொள்வாராம்: "விதை விக்கிறாரு, ஆனா வாயில வெக்கமாட்டாரு. அவ்வளவு கட்டுப்பாடு." ஒருதரம் தோட்டத்துக்குள் நான் நடக்கப் போனபோது, "செடி மேல பட்டுடாம வாங்க மாப்ளே" என்றார். நான் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பக்தியோடு நடந்தேன்.

மனைவிக்கு இரண்டாம் வருடமே தெரிந்துவிட்டது. ஆடி மாதம் எங்கள் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கப் போனோம். பூசாரியின் மனைவி படையல் இலையில் சோறு வைத்து, பக்கத்தில் கத்திரிக்காய்ப் பொரியல் வைத்தாள். தாராளமாக வைத்தாள். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் கட்டிக் கிடந்த ஆட்டைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னாள். "எங்கப்பாகிட்ட நான் சொல்லமாட்டேன். நீங்க ஆட்டுன தலை, நீங்களே சொல்லுங்க."

"சொல்லிடறேன்" என்றேன். ஏழு வருடம் சொல்லிக்கொண்டே இருந்தேன், அவளிடம். அவள் ஒரு கிளினிக்கில் நர்ஸ். மத்தியானத்தில், தன்னோடு வேலை செய்கிறவர்களின் டிபனில் கத்திரிக்காய் சாப்பிட்டுக்கொள்வாள். வீட்டில் சமைப்பதில்லை. ஆக, அம்மாவுக்கு அப்பா செய்ததை நான் என் மனைவிக்கு, பிரம்பில்லாமல், கோபமில்லாமல், சிரித்த முகத்தோடு செய்துகொண்டிருந்தேன். அப்போது இது எனக்கு உறைக்கவில்லை. நான் வீட்டு வேலையில் உதவுகிற நவீனக் கணவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு எங்கள் மகள். இரண்டாம் வகுப்பு. அவளுக்கு யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை. மீன்சுருட்டியில் தாத்தா, சாமிக்கு ஆகாது என்று கூடையைக் கொட்டகைக்கு அனுப்புவதைப் பார்த்தாள். ஓட்டலில் சாம்பாரிலிருந்து நான் ஒரு துண்டைப் பொறுக்கி ஓரத்தில் வைப்பதைப் பார்த்தாள். அது போதுமாக இருந்தது.

ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் ஒரு அம்மா என் மனைவியைப் பிடித்துக்கொண்டார். அவர் மகளும் எங்கள் மகளும் ஒரே பெஞ்சு.

"ஏங்க, உங்க பொண்ணு என்னங்க சொல்லி வெச்சிருக்கா? கத்திரிக்கா சாதம் குடுத்துவுட்டா, சாமி கண்ணக் குத்தும்னு அப்படியே திரும்பி வருது. மூணு வாரமா எங்க வூட்டுல ஒரே ரகளை."

விசாரித்ததில் இன்னும் மூன்று பிள்ளைகள் கத்திரிக்காயை நிறுத்தியிருந்தார்கள். இரண்டாம் வகுப்பு பி பிரிவில் எங்கள் குலதெய்வத்துக்கு நான்கு புதிய பக்தர்கள். அதில் ஒரு பையன் ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்கு வருடம் தவறாமல் போகிற குடும்பம்.

அன்று சாயங்காலம் மகளை உட்காரவைத்து, "கத்திரிக்கா சாப்பிட்டா சாமி ஒண்ணும் பண்ணாது" என்றேன்.

"அப்ப நீ ஏன் சாப்பிடமாட்டேங்குற?"

"எனக்குப் பிடிக்காது."

"எப்படி இருக்கும்?"

வெண்ணெய் மாதிரி கரையும் என்று கடைக்காரர்களிடம் சொல்வது ஞாபகம் வந்தது. அதைச் சொல்லவில்லை. உள்ளே மனைவி சிரிப்பது கேட்டது. அது நல்ல சிரிப்பில்லை.

போன மே மாதம் மீன்சுருட்டியில் மச்சான் புது வீடு கட்டிக் குடிபோனார். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. என் அப்பா, அம்மாவையும் முறையாக அழைத்திருந்தார்கள். பூலாம்பாடியிலிருந்து இருவரும் விடியற்காலையில் கிளம்பி பெரம்பலூர் வந்து, அங்கிருந்து நாங்கள் எல்லோரும் ஒரே காரில் போனோம். என் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இந்தக் குலதெய்வக் கதை எதுவும் தெரியாது. அவர்கள் அங்கே வந்ததே இரண்டு மூன்று தடவை. அப்போதெல்லாம் கூடை கொட்டகையில்தான்.

இந்தமுறை அப்படி ஒளிக்க முடியவில்லை. முந்நூறு பேருக்குச் சமையல். சொந்தத் தோட்டத்துக் காய் இருக்கும்போது எண்ணெய்க் கத்திரிக்காய் போடாமல் ஊரைச் சாப்பிட வைக்க முடியுமா? அதனால் மாமனார் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். எங்கள் வரிசைக்கு மட்டும் தனிச் சாம்பார், தனிக் கூட்டு. பாத்திரத்தின் மேல் வெள்ளைத் துணி கட்டி, அதை யாரும் தொடக்கூடாது என்று ஆள் வேறு போட்டிருந்தார்.

பந்தியில் அப்பா, நான், மகள், அம்மா என்று உட்கார்ந்தோம். பரிமாறுகிற தம்பி தெரியாமல் எண்ணெய்க் கத்திரிக்காய் வாளியோடு எங்கள் பக்கம் திரும்பிவிட்டான். பந்தலின் மறுகோடியிலிருந்து மாமனார் கத்திக்கொண்டே ஓடிவந்தார்.

"டேய், அந்த வரிசைக்கு வேணாம்! வேணாம்டா!"

அதற்குள் அம்மா இலையை முன்னால் இழுத்துவிட்டிருந்தாள். "இங்க வெய்யி தம்பி. காம்போட வெய்யி. ரெண்டு வெய்யி."

வைத்துவிட்டான். அம்மா ஒன்றை எடுத்துச் சோற்றோடு பிசைந்து வாயில் போட்டாள். மாமனார் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"சம்பந்தியம்மா! என்னங்க இது? உங்க குலதெய்வத்துக்கு ஆகாதேங்க!"

"எந்தக் குலதெய்வத்துக்கு?"

"மாப்ள சொன்னாரே. உங்க வூட்டுல கத்திரிக்கா சாமிக்கு ஆகாதுன்னு."

அம்மா என்னைப் பார்த்தாள். அப்புறம் அப்பாவைப் பார்த்தாள். மென்று விழுங்கிவிட்டுத்தான் பேசினாள்.

"அது சாமி இல்லீங்க. இவரு."

பந்தியில் பேச்சு நின்றது. எங்கள் வரிசையில் மட்டுமல்ல, எதிர் வரிசையிலும். அம்மாவுக்கு அது புரிந்ததாகத் தெரியவில்லை. புரிந்திருந்தாலும் நிறுத்துவதாக இல்லை.

"கல்யாணமான வருஷங்க. இவருக்கு ஏதோ தூரமா ஒரு ஊருக்கு மாத்தல் போட்டுட்டாங்க. அந்தக் கோவத்துல வந்து உக்காந்தாரு. நான் கத்திரிக்கா குழம்பு வெச்சிருந்தேன். இதெல்லாம் மனுசன் திம்பானான்னு தட்டத் தள்ளிட்டாரு. அதுக்கு முதல் வாரம் வரைக்கும் அதே குழம்பத்தான் ரெண்டு தடவ கேட்டு வாங்கித் தின்னவரு. சொன்ன வார்த்தைய மாத்தமுடியல. மாத்தல் ரெண்டு மாசத்துல ரத்தாயிடுச்சு. கத்திரிக்கா ரத்தாகல." இன்னொரு வாய் வைத்தாள். "அன்னைக்கு நான் வெண்டைக்கா வெச்சிருந்தா, இன்னைக்கு வெண்டைக்கா உங்க மாப்ள சாமிக்கு ஆகாமப் போயிருக்கும்."

யாரோ சிரித்தார்கள். அப்பா இலையைப் பார்த்தபடியே சொன்னார்: "எனக்கு அரிப்பு இருக்கு. தோல் டாக்டரு கத்திரிக்கா கூடாதுன்னாரு."

"எந்தத் தோல் டாக்டரு? போன வருஷம் போனது கண்ணு டாக்டரு" என்றாள் அம்மா.

அப்பா ரசம் கேட்டார்.

மாமனார் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "ஒம்போது வருஷம்" என்று மட்டும் சொன்னார். தோட்டத்தில் நான் வேட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். பரிமாறுகிற தம்பியின் கையிலிருந்து வாளியை வாங்கினார். என் இலையில் வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்து காய்.

"சாப்பிடுங்க மாப்ளே."

அந்த மரியாதையைவிட இரண்டு அறை விட்டிருக்கலாம்.

ஒன்றை எடுத்தேன். அது உதட்டில் படுவதற்கு முன்பே என் மூக்கு இடப்பக்கமாகச் சுளித்துக்கொண்டது. ருசி இன்னும் வரவே இல்லை, முகம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பக்கத்தில் மகள் அண்ணாந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பரீட்சைத் தாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். முகத்தைப் பிடித்து நேராக்கிக்கொண்டு மென்றேன். தோல் கொஞ்சம் கெட்டி, உள்ளே மெத்து, நல்லெண்ணெய், புளி, வறுத்த மசாலா. நன்றாகத்தான் இருந்தது. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. மோசமாக இருந்திருந்தால் முப்பத்தெட்டு வருடத்துக்கு ஒரு நியாயமாவது இருந்திருக்கும்.

ஐந்தையும் சாப்பிட்டேன். மாமனார் நகரவில்லை, கடைசிக் காம்பு வரை நின்று பார்த்தார்.

மகள் அம்மாவின் பக்கம் திரும்பிக் கேட்டாள்: "அப்பத்தா, சாமி கோவிச்சுக்காதா?"

அம்மா அப்பாவை ஒருதரம் பார்த்தாள். "சாமிக்கு வயசாயிடுச்சு தங்கம். இனிமே கோவிக்காது."

மகள் தன் இலையில் ஒரு சின்னத் துண்டு வைக்கச் சொன்னாள். நாக்கில் வைத்தாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். துப்பிவிட்டாள். "வழவழன்னு இருக்கு. எனக்குப் பிடிக்கல." நான் திட்ட வாயெடுத்தேன். எதிர் வரிசையிலிருந்து மனைவி கையைக் காட்டி நிறுத்தினாள். "வுடுங்க. அவ தின்னுட்டுச் சொல்றா."

திரும்பி வரும்போது காரில் ஜெயங்கொண்டம் தாண்டினோம். அப்பாதான் முதலில் பேசினார். "அந்தச் சமையக்காரன் எண்ணெய ரொம்ப ஊத்திட்டான்." அவர் ஒரு துண்டும் தொடவில்லை.

பெரம்பலூருக்குக் கொஞ்சம் முன்னால் டீ குடிக்க இறங்கியபோது அம்மாவைத் தனியாகப் பிடித்தேன். இத்தனை வருடம் இல்லாமல் இன்றைக்கு ஏன் என்று கேட்டேன்.

"பசிடா. காலைல நாலு மணிக்கு எழுந்தது."

அவ்வளவுதான் காரணம். எனக்கு இன்னொன்றும் கேட்க வேண்டியிருந்தது. "சின்ன வயசுல, லீவு முடிஞ்சு வந்து நான் அப்பாகிட்டச் சொன்னேனே, ஞாபகம் இருக்காம்மா?"

மறந்திருப்பாள் என்று எதிர்பார்த்தேன். அம்மாக்கள் மறந்துவிடுவார்கள் என்று நமக்கு ஒரு வசதியான நம்பிக்கை.

"இருக்கு. அவரு கேக்கக்கூட இல்ல. நீயாத்தான் சொன்ன" என்றாள். டீயை ஆற்றிக் குடித்தாள். டம்ளரைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுக் காரில் போய் ஏறிக்கொண்டாள்.

மாமனார் இரண்டு மாதம் என்னிடம் அளந்துதான் பேசினார். இப்போது சரியாகிவிட்டது. ஆனால் நான் சொல்கிற எந்த விதை ரகத்தையும் அவர் வாங்குவதில்லை. "நீங்க தின்னு பாத்தீங்களா மாப்ளே?" என்று கேட்கிறார். பூலாம்பாடி வீட்டில் அம்மா இப்போது தனக்கு வேண்டியதைத் தனியாக ஒரு சின்னச் சட்டியில் வைத்துக்கொள்கிறாள். அப்பா அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. நாளிதழை உயர்த்திப் பிடித்துக்கொள்கிறாராம்.

போன மாதம் அப்பா, ஓய்வுபெற்ற ஆசிரியர்களோடு ஒரு வாரம் கோயில் சுற்றுலா போனார். அம்மா எங்களோடு வந்து இருந்தாள். முதல்நாள் நான் பெரிய மனதோடு கேட்டேன். "அம்மா, உனக்கு என்ன பிடிக்கும், சொல்லு. செய்யச் சொல்றேன்."

"எனக்கென்ன, எதா இருந்தாலும் சரி" என்றாள்.

மனைவி என்னைத் திருத்தினாள். "செய்யச் சொல்றேன்னா யாருகிட்டச் சொல்லுவீங்க? கெளம்புங்க, ஓட்டலுக்குப் போவோம்."

புது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஏசி ஓட்டலுக்கு மத்தியானம் போனோம். அம்மா மெனு அட்டையைக் கையில் வாங்கினாள். நான் எனக்குத் தெரிந்த நல்லெண்ணத்தில், "அம்மாவுக்கு ஒரு சாப்பாடு" என்று ஆரம்பித்தேன். அம்மா அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இரு" என்றாள். மகளை எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொன்னாள். ஆர்டர் எடுக்க வந்த பெண்ணிடம் ஒவ்வொன்றாக விசாரித்தாள்: இது காரமா, இதில் என்ன போடுவீர்கள், இது எவ்வளவு இருக்கும். கால்மணி நேரம் ஆனது. பக்கத்து மேஜைக்காரர்கள் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது, அம்மாவுக்கு இல்லை. கடைசியில் காளான் பிரியாணி சொன்னாள். வந்தது. நிதானமாக, ஒருவரோடும் பேசாமல், தயிர்ப்பச்சடியை ஊற்றிப் பிசைந்து முழுவதையும் சாப்பிட்டாள். பிறகு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு இன்னொன்று பார்சல் கேட்டாள்.

"அப்பா ஞாயித்துக்கிழமைதானேம்மா வராரு? கெட்டுப்போயிடுமே" என்றேன்.

"அவருக்கு எதுக்கு?" என்றாள். "காலைல நான் சாப்பிடத்தான்."